நீக்கப்பட்ட செய்திக்குக் கீழே

ராட்டர்டாமுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நடுப்பகலில் அபாயச் சங்கு ஊதும். போர் வந்தால், ரசாயன ஆலை வெடித்தால், கடல் உள்ளே புகுந்தால் ஜனங்களை எச்சரிப்பதற்காக வைத்திருக்கும் சங்கு வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. மருத்துவமனை ஆய்வகத்தின் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தவள், சத்தம் கேட்டதும் "இயேசுவே" என்று கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் மரைக்கெ கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைக்காமலே குனிந்து என்னைப் பார்த்தாள். "இன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஊதினால் சாப்பிடலாம். செவ்வாய்க்கிழமை ஊதினால்தான் ஓட வேண்டும்" என்றாள். சுற்றிலும் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. ஊரே அழுது ஓய்வதுபோல அந்தச் சங்கு ஊதி அடங்கியது. நான் சேலை முந்தானையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன்.

இந்த டச்சு நாட்டுக்காரர்கள் தண்ணீரைக் கடவுளிடம் விட்டுவைப்பதில்லை. கடலுக்குக் கீழே கிடக்கும் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, கரையைப் பார்த்துக்கொள்ள வாட்டர்ஸ்காப் என்று தனியாக ஓர் அமைப்பு வைத்து, அதற்கு வருஷா வருஷம் வரியும் கட்டுகிறார்கள். நானோ தென்காசியிலிருந்து வந்தவள். எங்கள் சபையில் "தேவசித்தமானால்" என்று சொல்லாமல் யாரும் சந்தைக்குக்கூடப் போகமாட்டார்கள். ஒருமுறை மரைக்கெ தன் பிறந்தநாளுக்கு வியாழக்கிழமை வருவாயா என்று கேட்டாள். "கடவுள் சித்தமானால் வருகிறேன்" என்றேன். அவள் முகத்தில் கவலை வந்துவிட்டது. "வீட்டில் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? உன் கணவர் தடுக்கிறாரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இல்லை இல்லை, நாளை நம் கையில் இல்லையே, அதைச் சொன்னேன் என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "சரி, நாற்காலி போடவா வேண்டாமா?" என்றாள். வீட்டுக்கு வந்து இதை என் கணவர் ஜெயசீலனிடம் சொல்லிச் சிரித்தேன். நாளை என்ன நடக்கும் என்று தெரிந்ததுபோல நாற்காலி எண்ணுகிறவர்களைப் பார்த்து எனக்கு ஓர் இரக்கம் இருந்தது. இரக்கம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். அசல் பெயர் கர்வம்.

அந்தக் கர்வத்தில்தான் வாரச் சிந்தனை பிறந்தது. தென்காசியில் எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சனிக்கிழமைதோறும் நான் அதில் ஒரு சிந்தனை எழுதி அனுப்புவேன். மேலே அந்த வாரச் செய்தி ஒன்று, நடுவில் ஒரு வசனம், கீழே நமக்கு என்ன பாடம் என்பது, கடைசியில் சின்ன ஜெபம். எங்கேயோ விமானம் விழுந்தால் எழுதுவேன். எங்கேயோ இரண்டு நாடுகள் குண்டு போட்டுக்கொண்டு ஆகாய வழியை மூடினால் எழுதுவேன். பக்கத்து மாநிலத்தில் மலை சரிந்து தூங்கின ஜனங்களை மூடினால் எழுதுவேன். வாழ்க்கையைப் புகைக்கு ஒப்பிடும் வசனத்தை எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொன்னால், சனிக்கிழமை காலையில் செய்தித் தளங்களைத் திறக்கும்போது ஏதாவது பெரிதாக நடந்திருக்கிறதா என்றுதான் தேடுவேன். ஒன்றும் நடக்காத வாரங்களில் கை ஓடாது. செத்தவர்கள் எல்லாரும் எனக்கு உதாரணங்களாக இருந்தார்கள். அப்போது இதை நான் இப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன், கூசுகிறது.

நான் அனுப்பிய நிமிடமே ஆமென்கள் வந்து விழ ஆரம்பிக்கும். "இவ்வளவு நீளத்தை இதற்குள் எப்படி வாசித்தார்கள்?" என்று ஜெயசீலன் கிண்டல் செய்வார். எங்கள் ஜனங்களுக்கு ஆமென் என்பது வாசித்துவிட்டேன் என்பதற்கும், நீ எழுதியதைப் பார்த்தேன் என்பதற்கும், நான் சுகமாயிருக்கிறேன் என்பதற்கும் சேர்த்து ஒரே சொல். அதிலும் முதல் ஆமென் அநேகமாக ஹெப்சியுடையதாக இருக்கும். ஹெப்சி என் பள்ளித் தோழி. ஒரே பெஞ்ச், ஒரே பாடகர் குழு. தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்து ரத வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தனராஜ் அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவளுக்கு ஒரே மகன், டேனி. அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியைத் தூக்குகிறவன் அவன்தான். "சித்தி, ஒங்க ஊர்ல மலையே கெடையாதாமே? அப்பம் மேகம் எதுல போயி முட்டும்?" என்று ஒருமுறை கேட்டான். இங்கே மேகம் எதிலும் முட்டுவதில்லை, சும்மா தூறிக்கொண்டே போகும் என்றேன். "பாவம்" என்றான், மேகத்தைச் சொன்னானோ என்னைச் சொன்னானோ தெரியவில்லை.

போன சாரல் பருவத்தில் ஒரு சனிக்கிழமை. அடுப்பில் பயறு வெந்துகொண்டிருந்தது. போனைத் திறந்தால் எங்கள் குற்றாலமே செய்தியில் ஓடியது. மலையில் பெய்த மழையில் அருவியில் திடீர் வெள்ளம். எச்சரிக்கையையும் மீறிக் குளித்த வாலிபர் பலி. ஈரத் துணியோடு ஜனங்கள் படியேறி ஓடுகிற காட்சியை ஒரு செய்திச் சேனல் திரும்பத் திரும்பக் காட்டியது. வாலிபரின் பெயர் போடவில்லை. எனக்கு முதலில் ஐயோ என்று இருந்தது. அடுத்த கணமே, இந்த வாரத்துக்குக் கிடைத்துவிட்டது என்று இருந்தது. நம் ஊர்ச் செய்தி, நம் ஜனங்களுக்கு நன்றாகத் தைக்கும். பயறு குழைவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். இங்கே மாதாமாதம் சங்கு ஊதுவதையும், ஊதாத சங்குக்கும் காது கொடுக்கிறவனே ஞானி என்பதையும் சேர்த்தேன். "எச்சரிப்பின் சத்தத்தைக் கேட்டும் இன்னும் ஓரடி முன்னால் வைக்கிறவர்களே, ஒரு நிமிட இன்பத்துக்காக ஜீவனைப் பணயம் வைத்த அந்த வாலிபனைப் பாருங்கள்" என்று ஒரு வரி. அந்த வரி நன்றாக விழுந்திருப்பதாக எனக்கே பட்டது. இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன். முதல் ஆமென் ஹெப்சியுடையது. கூப்பின கைகள் மூன்று போட்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கடையத்திலிருந்து என் தம்பி சாமுவேல் கூப்பிட்டான். எப்போதும் "சாப்ட்டியாக்கா" என்று ஆரம்பிக்கிறவன் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"அக்கா, நீ எழுதுனத மொதல்ல அழிச்சிரு. சீக்கிரம் அழி."

"ஏம்லே, என்ன தப்பு போட்டிருக்கேன்?"

"அது நம்ம ஹெப்சி அக்கா மவன்க்கா. டேனி."

அழிக்க வேண்டும் என்று அவன் மறுபடியும் சொன்னான். அழித்தேன். நான் எழுதியது மறைந்து, அந்த இடத்தில் இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு சாம்பல் நிற வரி வந்தது. ஆனால் அதற்குக் கீழே வந்தவை என் கையில் இல்லையே. அவரவர் போட்டது அவரவருடையது. நீக்கப்பட்ட செய்திக்குக் கீழே ஆமென், ஆமென், ஸ்தோத்திரம், ஆமென் என்று வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஹெப்சியின் ஆமென், கூப்பின கைகளோடு.

நடந்ததை சாமுவேல் அப்புறம் சொன்னான். ஹெப்சி வீட்டு மாடியில் புதிதாகக் கட்டிய பகுதியைப் பிரதிஷ்டை பண்ணி ஜெபிக்க நாள் குறித்திருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து அண்ணாச்சியின் சொந்தக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். சாரல் நேரத்தில் தென்காசி வரைக்கும் வந்துவிட்டு அருவியைப் பார்க்காமல் போவதாவது என்று டேனி அவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பெண்கள் அவர்கள் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவன் குளிக்கவே இல்லை. இவர்களுடைய துண்டுகளையும் கைப்பைகளையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கீழே ஓரமாக நின்றிருக்கிறான். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போன எல்லா ஆண்பிள்ளைகளும் நின்றிருக்கிற நிற்பு அது. அங்கே வெயில்கூட அடித்திருக்கிறது. குளிக்கத் தடை சொல்வதற்கு முன்பே தண்ணீர் மரக்கட்டையும் கல்லுமாக வந்துவிட்டது. பெண்கள் கம்பியைப் பிடித்துத் தப்பிவிட்டார்கள். எச்சரிக்கையும் இல்லை, மீறலும் இல்லை, ஒரு நிமிட இன்பமும் இல்லை. அவன் தலைகூட நனைத்திருக்கவில்லை. எச்சரிக்கையை மீறினான் என்ற வரியைச் சேனல்காரர்கள் மறுநாள் எடுத்துவிட்டார்கள். நான் எழுதியதையும் எடுத்தாகிவிட்டது. ஆனால் அதற்குள் யார் யாரோ எந்தெந்தக் குழுக்களுக்கோ அனுப்பியிருந்தார்கள். அதன் அடியில் என் பெயரும் ஊரும் இருந்தன. அடக்க வீட்டுக்கு வந்தவர்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்களாம்.

நான் ஹெப்சியைக் கூப்பிடவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பயந்து கிடந்தேன். நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஊருக்கு ஒரு துன்பம் என்றால் முதல் ஆளாக ஆறுதல் வசனம் அனுப்புகிறவள், என் உயிர்த் தோழிக்கு ஒரு வார்த்தை அனுப்ப முடியாமல் கிடந்தேன். வேலையிடத்தில் மரைக்கெ முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். தெரிந்த டச்சில் சொன்னேன்: தோழியின் மகன் இறந்துவிட்டான், அவன்மேல்தான் தப்பு என்று நான் எழுதிவிட்டேன். அவள் அதை நான் பத்திரிகையில் எழுதியதாக எடுத்துக்கொண்டாள். "அப்படியானால் ரெக்டிஃபிகாட்சி போடு. எது தவறு, எது சரி என்று இரண்டு வரி. அதற்குப் பிறகு எல்லாருக்கும் தெளிவாகிவிடும்" என்றாள். உடைந்த குழாய்க்கு வழி சொல்வதுபோல உண்மையான அக்கறையோடு சொன்னாள். வேறு வழி தெரியாமல் நானும் அதையே செய்தேன். தீர விசாரிக்காமல் எழுதிவிட்டேன், தகப்பனும் தாயும் சபையாரும் என்னை மன்னிக்க வேண்டும் என்று குழுவில் எழுதினேன். அனுப்பிய நிமிடமே வந்து விழுந்தன: ஆமென். ஆமென். ஸ்தோத்திரம் சிஸ்டர். ஆமென். ஹெப்சியிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கு ஒரு பழைய கதை தெரியாமல் இருந்ததா என்றால், தெரியும். அந்நாளில் ஜனங்கள் இயேசுவிடம் வந்து அன்றைய செய்திகளைச் சொல்கிறார்கள். பலி செலுத்தப் போன இடத்தில் கொல்லப்பட்டவர்கள், கோபுரம் இடிந்து விழுந்து செத்தவர்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அதைப் பற்றியும் ஒரு சனிக்கிழமை நான் சிந்தனை எழுதியிருக்கிறேன். அதற்கும் ஆமென் விழுந்தது. அந்தக் கேள்வி செய்தியைக் கொண்டுவந்தவர்களைப் பார்த்துக் கேட்கப்பட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் எப்போதும் அவர் பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை கட்டிய நாட்டில், ஓய்வூதியம் உறுதியான வேலையில் உட்கார்ந்துகொண்டு, மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்கு வாழ்க்கை நிச்சயமில்லை என்று வாராவாரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கா அது தெரியாது?

ஜெயசீலன்தான் டிக்கெட் போட்டார். "எழுதிச் சரிபண்ண முடியாததை எழுதிக்கொண்டே இருக்காதே, நேரில் போ" என்றார். திருவனந்தபுரத்தில் இறங்கி, கொல்லத்திலிருந்து செங்கோட்டை ரயில் ஏறினேன். மலைக்குள் ரயில் புகுந்து புகுந்து வெளியே வரும்போது பெட்டியில் மலையாளமும் தமிழுமாகப் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. இந்தப் பாதையில் வரும்போது ஒவ்வொரு குகைக்கும் எனக்கு மனது லேசாகும். இந்த முறை வண்டி மெதுவாகப் போனால் நல்லது என்று இருந்தது. செங்கோட்டை ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்க வந்தவன் சாமுவேல்.

மறுநாள் கடையத்திலிருந்து பஸ் ஏறி, நேராக ஹெப்சி வீட்டுக்குப் போகாமல் குற்றாலத்தில் போய் இறங்கினேன். ஏன் போனேன் என்று கேட்டால், அவளைப் பார்ப்பதைத் தள்ளிப்போடத்தான். சாரல் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. அருவியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு தொப்பையைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள், மிளகாய் பஜ்ஜிக்கு நிற்கிறவர்கள், தலை துவட்டாமலே செல்பி எடுக்கிற பெண்பிள்ளைகள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதத்துக்குள் எப்படி இவர்களால் முடிகிறது என்று வாயெடுத்த மனதை அப்படியே பிடித்து நிறுத்தினேன். மறுபடியும் பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டது. பெண்கள் குளிக்கும் பக்கத்துக்கு வெளியே, கம்பியை ஒட்டி ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தோளில் துண்டு, கையில் பெண்களின் கைப்பை, ஒருவர் இடுப்பில் குழந்தை. சிலர் அலுத்துப்போய் மேலே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யாரையும் உதாரணமாக வைத்து என்னால் ஒரு வரி எழுத முடியாது என்று தோன்றியது. வெகுநேரம் நின்றுவிட்டு ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குப் போனேன்.

தனராஜ் அண்ணாச்சி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் போகவில்லை. "வா சுகந்தி" என்றார், உட்காரச் சொன்னார். டேனியின் படம் மேசைமேல் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்துக்கொண்டே, "தெரியாம எழுதிட்டேன் அண்ணாச்சி, என்னய மன்னிச்சிருங்க" என்றேன். வருகிற வழியெல்லாம் பெரிதாக என்னென்னவோ தயார்பண்ணி வைத்திருந்தேன். கடைசியில் இவ்வளவுதான் வந்தது.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "நீ எழுதுனதுல என்னம்மா தப்பு? கேக்கதுக்கு நல்லாத்தான் இருந்துச்சி. போன மாசம் வரைக்கும் நீ எழுதுததையெல்லாம் கடையில வச்சி நானே வாசிச்சிக் காட்டுவேன்லா. எவன் பிள்ளையோ செத்தா நல்லாத்தான் இருக்கும்."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிவதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஹெப்சி அடுக்களையிலிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பம் வந்தே? சாப்ட்டியா?" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவள் அழ, பெற்றவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இந்தக் கேவலத்தையும் எழுதிவிடுகிறேன்.

"ஏட்டி, அழாத. ஒண்ணு கேக்கேன், சொல்லு. நான் அன்னைக்கு ஆமென் போட்டேன்லா?"

தலையாட்டினேன்.

"நான் வாசிக்கலட்டி. ஒன் பேரப் பாத்தேன், ஆமென் போட்டேன். எப்பவும் அப்பிடித்தான போடுதது? அடுப்புல எண்ணெ காஞ்சிட்டு இருந்துச்சி. அருவிக்குப் போனவங்க பசியோட வருவாங்க, அப்பளம் பொரிச்சி வச்சிருவோம்னு நின்னேன். பொறவுதான் அண்ணாச்சிக்கு போன் வந்துச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, ஆட்டோவுல வச்சி, எதையாவது பாப்பம்னு போன எடுத்தேன். அப்பந்தான் வாசிச்சேன். அந்த வாலிபனைப் பாருங்கள்னு போட்டிருந்தேல்லா? பாக்கத்தானட்டி போயிட்டு இருந்தேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை.

"நீ அழிச்சிட்டே. எனக்கு அத அழிக்கத் தெரியல. பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கேட்டேன், இப்பம் அழிச்சாலும் ஒங்க போன்ல மட்டுந்தான் போவும் ஆண்ட்டி, மத்தவங்களுக்கு இருக்கத்தான் செய்யும்னு சொல்லுதா. எம்பிள்ள செத்ததுக்கு மொத ஆமென் நாந்தான் போட்டிருக்கேன், பாத்தியா?"

"ஹெப்சி, அது என் தப்புட்டி. என்னய மன்னிச்சிரு."

"ஒன்னய மன்னிச்சிருவேன், அதுல ஒண்ணும் இல்ல. நீ என்ன வேணும்னா எழுதுனே?" என்றாள். பிறகு என் கையை மடியிலிருந்து எடுத்து நாற்காலிக் கையில் வைத்துவிட்டு, "என்னய யாரு மன்னிக்கது?" என்றாள். "அருவி பாக்காம அவங்கள அனுப்பக் கூடாது, கூட்டிட்டுப் போலேன்னு அவன வெரட்டுனது யாரு? நாந்தான. அவன் கடையில சரக்கு வருதுன்னு சொன்னான். நாந்தான் கேக்கல."

இந்த இடத்தில் சொல்வதற்கென்றே என்னிடம் எத்தனையோ வசனங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் யார் யாருக்கோ அனுப்பியிருக்கிறேன். என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இறக்கி வைக்க வந்த இடத்தில் அவள் என்னுடையதைவிடப் பெரியதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். என் ஒரு வரி அவளுடையதோடு சேர்ந்து கனக்கிறது. மன்னிப்பு கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசுவாசிகள் வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பும்போது ஒரு சின்ன ஜெபம் பண்ணாமல் வாசல் இறங்கமாட்டார்கள். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த என்னைப் போன்ற வாயாடி என்றால் வீட்டுக்காரர்களே கேட்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் எழுந்ததும் ஹெப்சி அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போட்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு முக்காடு போட்டுக் கண்ணை மூடினாள். அண்ணாச்சியும் வந்து வாசல்படியில் சாய்ந்து கண்ணை மூடினார். நானும் மூடினேன். அன்பின் பரம பிதாவே என்று ஆரம்பித்தால் அது தானாகவே ஓடும், யோசிக்கவே வேண்டாம். அதனால்தான் என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டது. தெருவில் யாரோ பாத்திரம் கழுவிக் கவிழ்த்தார்கள். அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். நான் கண்ணைத் திறந்தபோது ஹெப்சி ஏற்கெனவே திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆமென் சொல்லவில்லை. முக்காட்டை மட்டும் எடுத்துவிட்டு, "சரி, கெளம்பு. கடையம் பஸ்ஸு கூட்டமா இருக்கும்" என்றாள்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் சொல்கிற ஐயரும் துக்க வீட்டிலிருந்து பேசாமல்தான் இறங்குவார். இத்தனை வருஷமாக விமானம் ஏறுவதற்கு முன்னால் இந்த வாசலில் நின்று நான் அதைச் சொல்லாமல் போனதில்லை. "போயிட்டு வாரேன்ட்டி" என்பேன், "சீக்கிரம் வா" என்பாள். அன்றைக்குச் சொல்லாமல் செருப்பைப் போட்டேன். வழக்கத்துக்காகச் சொல்லவில்லையா, சொல்ல உரிமை இல்லை என்று சொல்லவில்லையா என்று எனக்கே தெளிவில்லை. அவளும் வா என்று சொல்லவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். இன்னும் வாசலில்தான் நின்றாள், கையை ஆட்டவில்லை.

திரும்பி வந்து இறங்கிய விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி சிரித்துக்கொண்டே "வெல்கொம் தாய்ஸ்" என்றார். வீட்டுக்கு நல்வரவு என்று அர்த்தம். வழக்கமாக நன்றி சொல்வேன். அன்றைக்குப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு என்ன சிந்தனை, ஏன் இன்னும் வரவில்லை சிஸ்டர் என்று குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள். போனைப் பைக்குள் போட்டேன்.

வீட்டு மணியை அடித்தேன். ஜெயசீலன் கதவைத் திறந்து, "வந்தாச்சா?" என்று கேட்டார். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாரும் கேட்கிற கேள்விதான், வந்தாச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். அங்கே போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் இறங்கியவளுக்கு, இங்கே வந்தாச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்டியின் பிடியை விடாமல் மிதியடிமேல் நின்றேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தூறல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.